அந்தச் சிங்கத்தின் பெயர் என்ன?



பழைய ஹாலிவுட் படங்களுக்கான சிறப்பிதழ் உங்கள் கையில் இருக்கிறது. நடிகர்கள், இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள் என்று பலரைப் பற்றியும் உள்ளே விரிவான கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் படம் ஆரம்பிக்கும் முன்பே திரைக்கு வந்து, சில விநாடிகள் நம்மைப் பார்த்துக் கர்ஜித்துவிட்டுப் போகிறவரின் கதையை மட்டும் இந்தப் பக்கத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். மெட்ரோ-கோல்ட்வின்-மேயர், சுருக்கமாக எம்ஜிஎம் நிறுவனத்தின் சிங்கத்தைத்தான் சொல்கிறேன். 'லியோ' என்று ஊர் உலகமெல்லாம் அதற்குப் பெயர். அந்த ஒற்றைப் பெயருக்குப் பின்னால் ஏழு சிங்கங்களாவது இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி முகம், தனி வாழ்க்கை.

சிங்கம் வந்த வழி எளிமையானது. 1916-இல் கோல்ட்வின் பிக்சர்ஸ் என்ற புதிய நிறுவனம் நியூயார்க்கில் தொடங்கப்பட்டபோது, அதற்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. பொறுப்பு ஹோவர்ட் டீட்ஸ் என்ற இளம் விளம்பரக்காரரிடம் வந்தது. அவர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். அங்கே விளையாட்டு அணிகளுக்குச் சிங்கம்தான் அடையாளம். படித்த இடத்தின் சிங்கத்தையே எடுத்து, பிலிம் சுருளால் ஆன வளையத்துக்குள் உட்கார வைத்துவிட்டார். 'கலை கலைக்காகவே' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகமும் வளையத்தில் ஏறியது. 1924-இல் மெட்ரோ, கோல்ட்வின், லூயிஸ் பி. மேயர் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒன்றானபோது, கோல்ட்வினின் சீதனமாகச் சிங்கமும் சேர்ந்து வந்தது.

எம்ஜிஎம்மின் முதல் சிங்கம் ஸ்லாட்ஸ். 1919-இல் அயர்லாந்தின் டப்ளின் மிருகக்காட்சிசாலையில் பிறந்தது. மௌனப்படக் காலம் என்பதால் அது கர்ஜிக்கவில்லை. வளையத்துக்குள்ளிருந்து அமைதியாக அக்கம்பக்கம் பார்க்கும், அவ்வளவுதான். இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, பின்னால் வந்த எல்லாச் சிங்கங்களையும்விட அதில்தான் கம்பீரம் கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1936-இல் ஸ்லாட்ஸ் இறந்தபோது, அதன் பயிற்சியாளர் வோல்னி ஃபைஃபர் நியூஜெர்சி மாநிலத்தின் ஜில்லெட் என்ற ஊரில், தன் பண்ணையிலேயே அதைப் புதைத்தார்.

இரண்டாவதாக வந்தது ஜாக்கி. இந்தக் கதையின் நாயகன் என்று நான் சொல்வது இதைத்தான். 1928-இல் 'வைட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்' படம் வெளியானபோது, எம்ஜிஎம் சிங்கத்தின் கர்ஜனையை ரசிகர்கள் முதல்முறையாகக் காதால் கேட்டார்கள். சினிமா பேசத் தொடங்கிய நேரம் அது. தியேட்டரில் படத்தோடு சேர்த்து இசைத்தட்டையும் ஓட்டினார்கள். சிங்கம் வாயைத் திறக்கும் நேரத்தில் சத்தமும் சரியாக வந்து விழுந்தாக வேண்டும். அந்த ஒலிப்பதிவின்போது எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. மேடைமேல் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. எதிரே சில அடி தூரத்தில் காமிரா, ஒலிப்பதிவுக் கருவி, பக்கத்தில் ஆட்கள். நட்சத்திர நடிகரை எப்படிப் படம் பிடிப்பார்களோ அப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். ஜாக்கி முதலில் மெல்ல உறுமும், அடுத்து உரத்துக் கர்ஜிக்கும், சற்று நிறுத்தி இன்னொரு முறை உறுமும். பிறகு வேறு யாரோ கூப்பிட்டது போல ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலில்தான் அதன் உயிர் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சிங்கத்தைத் திரையோடு விட்டுவிடவில்லை. விளம்பரத்துக்காக ஊர் ஊராகக் கூட்டிப் போனார்கள். 1927 மே மாதம் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்ததிலிருந்து அமெரிக்காவே விமானப் பித்தில் கிடந்தது. செப்டம்பரில் எம்ஜிஎம் ஒரு காரியம் செய்தது. லிண்ட்பெர்க்கின் விமானத்தைச் செய்து கொடுத்த அதே ரயன் நிறுவனத்தின் விமானம் ஒன்றை வாங்கி, விமானி இருக்கைக்குப் பின்னால் கூண்டு கட்டி, சிங்கத்தை ஏற்றி, சான் டியாகோவிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்பியது. ஓட்டியவர் மார்ட்டின் ஜென்சன். அதற்கு முந்தைய மாதம்தான் ஹவாய்த் தீவுக்கு நடந்த விமானப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர். பாரம் தாங்காத விமானம் அரிசோனா மலைகளைத் தாண்ட முடியாமல் ஒரு பள்ளத்தாக்கில் விழுந்தது. ஜென்சன் உயிர் பிழைத்தார், கூண்டுக்குள் சிங்கமும் பிழைத்தது. கையில் இருந்த ரொட்டியையும் தண்ணீரையும் சிங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, உதவி தேடி அந்தக் காட்டில் நாட்கணக்கில் நடந்தார் அவர். ஆட்கள் வந்து மீட்கும்வரை அது கூண்டிலேயே கிடந்தது. பத்திரிகைகள் இதைச் சாகசமாக எழுதின. எனக்கு இதைச் சாகசம் என்று எழுத மனம் வரவில்லை. விமானம் ஏறச் சம்மதித்தவர் ஜென்சன் ஒருவர்தான். சிங்கத்தை யாரும் கேட்கவில்லை.

ஜாக்கி 1935-இல் இறந்துவிட்டது. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' வெளிவந்தது 1939-இல். அந்தப் படத்தின் தொடக்கத்தில் பழுப்பு நிறத்தில் கர்ஜிப்பது ஜாக்கிதான். 1956 வரை எம்ஜிஎம்மின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அது கர்ஜித்துக்கொண்டே இருந்தது. இறந்துபோன நடிகர்களைத் திரையில் பார்த்துக் கண்கலங்கும் நாம், அதே திரையில் வந்த ஒரு விலங்கைப் பற்றி அப்படி நினைத்ததே இல்லை.

வண்ணப் படம் வந்ததும் வண்ணத்தில் சிங்கம் வேண்டியிருந்தது. டெல்லி, காஃபி என்று இரண்டு சிங்கங்கள் ஆரம்பகால வண்ணச் சோதனைகளுக்கு வந்து போயின. நிலைத்தது டேனர். அது 1934-இலிருந்து டெக்னிகலர் படங்களின் சிங்கமாக இருந்தது. பெயரைக் கேள்விப்படாவிட்டாலும் டேனரின் முகம் நம்மில் பலருக்கும் தெரியும். ஹன்னாவும் பார்பராவும் எம்ஜிஎம்முக்காக எடுத்த பழைய டாம் அண்ட் ஜெரி படங்களின் தொடக்கத்தில், சிவப்புப் பின்னணியில் சீறிவிட்டுப் போகுமே, அதுதான். நம் வீட்டுக் குழந்தைகள் டிவியில் முதன்முதலாகப் பார்த்த சிங்கமாகக்கூட அது இருக்கலாம்.

அடர்ந்த பிடரியோடு ஜார்ஜ் என்ற சிங்கம் 1956-இல் வந்து சீக்கிரமே விடைபெற்றது. 1957-இல் வந்த சிங்கத்துக்குப் பெயரே லியோ. படம் பிடித்தபோது அது இளம் சிங்கம். மற்றவற்றைவிடப் பிடரி சிறியதாக இருப்பதைக் கவனித்தால் இது புரியும். அன்று எடுத்த அந்தச் சில விநாடிக் காட்சியே 2021 வரை, 64 ஆண்டுகள் ஓடியது. அறுபதுகளில் மட்டும் சிங்கத்தைக் கோட்டோவியமாக்கி, அசையாத நவீனச் சின்னமாக மாற்றிப் பார்த்தார்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' அதோடுதான் தொடங்குகிறது. விண்வெளிப் படத்துக்கு அது பொருந்தியது. ஆனால் ரசிகர்களுக்கு உயிருள்ள சிங்கம்தான் வேண்டியிருந்தது. லியோ திரும்பி வந்தது.

லியோ வாயை மூடிக்கொண்டிருந்த படமும் உண்டு. 1959-இல் வந்த 'பென்ஹர்' இயேசு பிறப்போடு ஆரம்பிக்கிறது. தொழுவத்தில் குழந்தை கிடக்கும் காட்சிக்கு முன்னால் கர்ஜனை சரிப்படாது என்று நினைத்தார் இயக்குநர் வில்லியம் வைலர். நிறுவனமும் ஒத்துக்கொண்டது. சிங்கம் சத்தமில்லாமல் வந்து போனது. கோடிகளைக் கொட்டி எடுத்த படத்தில், நிறுவனத்தின் அடையாளத்தையே ஒரு இயக்குநர் தன் காட்சிக்காக அடங்கியிருக்கச் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால், வைலர்மீது மரியாதை கூடுகிறது. லோகோவையும் படத்தின் பகுதியாகப் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

இனி சத்தத்துக்கு வருவோம். எண்பதுகளில் தியேட்டர்களின் ஒலி வசதி மேம்பட்டபோது, பழைய கர்ஜனை மெலிந்து கேட்டது. 1982-இல் 'போல்டர்கைஸ்ட்' படத்துக்காக மார்க் மான்ஜினி என்ற ஒலி வடிவமைப்பாளர் அதைப் புதிதாகச் செய்தார். நிஜச் சிங்கத்தின் குரல் வெகுதூரம் கேட்கும் அடித்தொண்டை முழக்கம். திரையில் லியோ வாயைப் பிளக்கும் வேகத்துக்கு அது ஒட்டவில்லை. அதனால் அவர் புலியின் உறுமலைக் கலந்தார். ஆக, இத்தனை காலம் நாம் சிங்க கர்ஜனை என்று நம்பிக் கேட்டதில் புலியின் குரலும் இருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குதிரைக் குளம்படிக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுகிற சினிமாவில், கண்ணுக்கு முன்னால் நடப்பதைக் காதை நம்பவைப்பதுதான் ஒலிக்காரரின் வேலை.

நிறுவனத்தின் கதை வேறு விதமாகப் போனது. 1970-இல் கல்வர் சிட்டி ஸ்டூடியோவில் இருந்த உடைகள், மேசை நாற்காலிகள் முதல் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புச் செருப்பு 15,000 டாலருக்குப் போனது. அந்த ஸ்டூடியோ வளாகம் இன்று சோனியிடம் இருக்கிறது. 1986-இல் பழைய படங்களின் உரிமை டெட் டர்னரிடம் போய், அங்கிருந்து வார்னர் நிறுவனத்துக்குச் சென்றது. ஜாக்கியும் டேனரும் கர்ஜிக்கும் படங்கள் இன்று எம்ஜிஎம்முக்குச் சொந்தமில்லை. எஞ்சிய நிறுவனத்தை 2022-இல் அமேசான் 845 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தனை கை மாறியும் சிங்கத்தை மட்டும் யாரும் கைவிடவில்லை.

2021 மார்ச்சில் வந்த புதிய லோகோவில் நிஜச் சிங்கம் இல்லை. லியோவின் முகத்தை மாதிரியாக வைத்துக் கணினியில் உருவாக்கியது அது. பிடரியின் ஒவ்வொரு இழையும் துல்லியமாகத் தெரிகிறது. பழைய ரசிகர்கள் பலருக்கும் வருத்தம். எனக்கும் ஜாக்கியின் அந்தத் திரும்பலைப் போல எதிர்பாராத எதுவும் இதில் இல்லையே என்ற குறை உண்டு. என்றாலும் கணினிச் சிங்கத்தின் பக்கம்தான் நான் நிற்பேன். சிங்கம், புலி, கரடி, குரங்கு போன்றவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று இந்திய அரசு 1998-இல் தடை விதித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தடையைச் சரி என்று வரவேற்ற நாம், லோகோவுக்காக இன்னொரு சிங்கத்தைக் கூண்டிலிருந்து கொண்டுவந்து விளக்குகளுக்கு நடுவே உட்கார வைக்கச் சொல்ல முடியாது. அந்தக் காலம் முடிந்தது நல்லதுதான்.

இன்னொன்று. இந்தச் சிங்கத்தைக் கட்டிப்போட்டு, வளையத்துக்குள் தலையைத் திணித்துக் கர்ஜிக்க வைத்ததாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது இஸ்ரேலில் நோயுற்ற ஒரு சிங்கத்துக்கு ஸ்கேன் எடுத்தபோது பிடித்த படம். சிகிச்சைப் படத்தைச் சித்திரவதைப் படமாக்கிப் பரப்புகிறார்கள். உங்களுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு விஷயத்தைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை எம்ஜிஎம் படம் பார்க்கும்போது ஓட்டிவிடாமல் அந்த முதல் விநாடிகளையும் பாருங்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பேசும்படம் என்றால் அது ஜாக்கி. பழைய டாம் அண்ட் ஜெரி என்றால் டேனர். பிடரி சின்னதாக இருந்தால் லியோ. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். படம் தொடங்கும் முன் வந்த எந்த நிறுவனத்தின் சின்னம் உங்கள் மனதில் நிற்கிறது என்பதையும் எங்களுக்கு எழுதுங்கள். தமிழ்ப் பட நிறுவனங்களின் சின்னங்களைப் பற்றிய கடிதங்கள் வந்தால் இன்னும் மகிழ்ச்சி. தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்