எண்ணெய்க்குப் பெயர் ஃப்ரெஷ் க்ரீமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் பேக்கரிகளில் ‘ஃப்ரெஷ் க்ரீம்’ என்று விற்கிற வெள்ளைச் சமாச்சாரம் பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த க்ரீம் இல்லை. தாவர எண்ணெயைக் கெட்டியாக்கி, சர்க்கரை சேர்த்து, நுரைக்க அடித்தது. அதை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. க்ரீம் என்று சொல்லி விற்காதீர்கள் என்கிறேன்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், என்னோடு இருபது வருடம் வேலை பார்த்த தமிழம்மாவின் பேத்திக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எல்லோருக்கும் கப் கேக் கொடுக்க வேண்டுமாம். “நாலு கடையில சாப்பிட்டுப் பார்த்துட்டு ஆர்டர் கொடுக்கலாம், வாங்க டீச்சர்” என்றார். செவ்வாய்க்கிழமை காலை டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். இந்த வயதில் கப் கேக் தேவையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தேவைதான். நன்றாகவும் இருந்தது.

முதலில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை. ஒன்று 70 ரூபாய். “இது பால் க்ரீமா கண்ணு?” என்று கேட்டேன். “ஃப்ரெஷ் க்ரீமுங்கம்மா.” “அதான், பாலில் எடுத்ததா?” “க்ரீம்னா க்ரீம்தானுங்கம்மா.” அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

அடுத்து ஆர்.எஸ்.புரத்தில் ஏசி போட்ட கடை. 140 ரூபாய். அங்கே பதில், “பிரீமியம் க்ரீம் மேம்.” அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மேடையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் படித்தேன். ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சடித்திருந்தது.

முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள் நான். எண்ணெயில் நிக்கல் வினையூக்கி முன்னிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கெட்டிக் கொழுப்பாகும். வனஸ்பதி பிறந்தது அப்படித்தான். இந்த டாப்பிங்குக்குப் பெரும்பாலும் பாமாயில் தருகிற அதே பனையின் கொட்டைப் பருப்பில் எடுக்கும் எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. விலை குறைவு, சீக்கிரம் கெடாது, நம் ஊர் வெயிலிலும் பூ மாதிரி நிற்கும். வியாபாரிக்கு அது பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சின்னக் கடை. முதலாளியம்மாவே கல்லாவில் இருந்தார். 150 ரூபாய். “இது பால் க்ரீம்தாங்க. மத்தியானத்துக்கு மேல நிக்காது, அதனால கொஞ்சம்தான் போடுவேன். எதிர்த்தாப்புல ஃப்ரெஷ் க்ரீம் 70 ரூபாய்தானே, நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்கன்னு கேக்கறாங்க” என்றார். மூன்று கடைக் கேக்கையும் நடைபாதை பெஞ்சில் வைத்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இந்த அம்மாவின் க்ரீம் தளர்ந்து சரிந்துவிட்டது. மற்ற இரண்டும் வைத்தது வைத்தபடி நின்றன.

கடைசியாக சிங்காநல்லூரில் டீக்கடை பேக்கரி. காகிதக் கிண்ணத்தில் வெறும் கப் கேக், 15 ரூபாய். “வனஸ்பதிதானுங்க. வெண்ணெய் போட்டா இந்த விலைக்குக் கட்டுபடியாகாதுங்க” என்றார் கடைக்காரர். அன்று முழுவதும் கேட்டதில், கேட்ட உடனே வந்த நேரான பதில் அதுதான். 15 ரூபாய்க் கடைக்காரரால் சொல்ல முடிகிற உண்மையை 140 ரூபாய்க் கடையால் ஏன் சொல்ல முடியவில்லை?

இது விஷம் என்று பீதி கிளப்ப நான் வரவில்லை. டிரான்ஸ் கொழுப்புக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் கொழுப்பில் 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நல்ல விஷயம். என் சண்டை பெயரைப் பற்றியது. பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டால் ஐஸ்கிரீம் என்று டப்பாவில் போடக் கூடாது, ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றுதான் போட வேண்டும். கடையில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இருக்கும். அதே நியாயம் கேக்கின் தலையில் இருப்பதற்குக் கிடையாதா?

உதிரியாக விற்கிறோம், லேபிள் எங்கே ஒட்டுவது என்பார்கள். உதிரி இனிப்புகளுக்கு எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று தட்டின் முன் எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் உத்தரவு அமலுக்கு வந்தது. லட்டுக்கும் மைசூர்பாக்குக்கும் முடியும் என்றால் கப் கேக்குக்கும் முடியும். சின்ன வியாபாரியின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்பார்கள். ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் என்ன விலை? அடிபடுவது உண்மையான க்ரீம் போட்டு, விலையும் சொல்லி, பொய்ப் பெயரோடு போட்டி போடுகிற அந்த ரேஸ்கோர்ஸ் அம்மாதான்.

தமிழம்மா ஒன்றைக் கவனித்துச் சொன்னார். கிராஸ்கட்டிலும் ஆர்.எஸ்.புரத்திலும் ‘எக்லெஸ்’ என்று தனிப் பலகை இருந்தது. ஏன்? முட்டை போட்டதா என்று நாம் விடாமல் கேட்டோம். கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பலகை வந்தது. என்ன கொழுப்பு, என்றைக்குச் செய்தது என்று நாம் கேட்கவில்லை. அதனால் அதற்குப் பலகை இல்லை. கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் பேரம் பேசுகிற நாம், கண்ணாடிப் பெட்டி முன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை. ஏசி கடையில் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நமக்கு யார் சொன்னது?

பேக்கரி முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் அட்டைப்பெட்டியில் அச்சாகி வரும் உண்மையை, அப்படியே கடை முன்னால் எழுதி வையுங்கள். ‘தாவரக் கொழுப்பு டாப்பிங்’ என்று எழுதினால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். விலை கட்டுபடியானால் வாங்குவார்கள், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார்கள். கல்லாவில் நிற்கிற பிள்ளைகளுக்கும் பதில் சொல்லிக் கொடுங்கள். பொய் சொல்ல வைக்காதீர்கள்.

என் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். இந்த வாரம் எந்த பேக்கரிக்குப் போனாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது பால் க்ரீமா, தாவரக் கொழுப்பா? என்றைக்குச் செய்தது? என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம், பதில் போதும்.