பீரோ மேல கிடக்கும் அரசு லேப்டாப் இன்னும் சாகலை, தோழர்களே!

ஜீவா பிறந்த பூதப்பாண்டியில எந்தத் தெருவுக்குப் போனாலும், பீரோ மேலயோ கட்டிலுக்கு அடியிலயோ ஒரு அரசு லேப்டாப் தூசி பிடிச்சுக் கிடக்கும். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது கிடைச்சது, அப்புறம் தம்பி கைக்கு வந்தது. ஒரு நாள் ஆன் ஆகலை. "செத்துப் போச்சு"ன்னு மூலையில வெச்சாச்சு. இப்ப அந்தத் தம்பி காலேஜ் அசைன்மென்ட்டை போன்ல டைப் பண்றான்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களில் படித்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எந்த ஆட்சி கொடுத்தது என்ற சண்டை இன்னைக்கு வேண்டாம். கொடுத்தது மக்கள் வரிப்பணம். அதை ஒரு சின்னப் பழுதுக்காகக் காயலான் கடைக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

நம்ம குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டு. வருஷத்துல பாதி நாள் காத்துல ஈரம். அந்த ஈரம் ரேம் பின்னில் படியும், மின்னல் அடிச்சா அடாப்டர் போகும். "செத்துப் போச்சு"ன்னு சொல்ற பலதுக்கும் காரணம் இவ்வளவுதான். கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி வரிசையா இதைப் பாருங்க.

1) லைட்டே வரலையா? முதல்ல அடாப்டரைச் சந்தேகப்படுங்க. மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க, அதன் மேல அச்சடிச்ச வோல்ட் வரணும். வேற அடாப்டர் போட்டா வோல்ட்டும் பின்னோட பிளஸ் மைனஸும் அதேதான் இருக்கணும், ஆம்பியர் குறையக் கூடாது. அடுத்து அடாப்டர், பேட்டரி ரெண்டையும் கழட்டி, பவர் பட்டனை ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் பேட்டரி இல்லாம அடாப்டரில் மட்டும் ஆன் பண்ணுங்க. அப்படி ஓடிச்சுன்னா கோளாறு பேட்டரியிலதான்.

2) லைட் எரியுது, திரை கறுப்பா? பேட்டரியை எடுத்துட்டு, ஒரு இரும்புப் பொருளைத் தொட்டுட்டு, ரேமைக் கழட்டுங்க. அதன் தங்க நிறப் பின்களை பென்சில் ரப்பரால் மெதுவாத் தேய்ச்சு, தூளை ஊதிட்டு, திரும்ப அழுத்தி மாட்டுங்க. அப்பவும் வரலைன்னா டார்ச் அடிச்சு திரையைப் பாருங்க. மங்கலாப் படம் தெரிஞ்சா பேக்லைட் அல்லது அதோட கேபிள்தான் கோளாறு. வெளி மானிட்டரில் படம் வந்தா மதர்போர்டு நல்லா இருக்குன்னு தைரியமா இருக்கலாம்.

3) தேதி ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்குப் போகுதா? உள்ளே இருக்கிற காசு வடிவ சின்ன பேட்டரி தீர்ந்துடுச்சு. தேதி தப்பா இருந்தா பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. "நெட் போச்சு"ன்னு நினைச்சு எத்தனை பேர் சிம் மாத்தியிருப்பாங்க!

4) பத்து நிமிஷத்துல சூடாகி தானா அணையுதா? ஃபேனில் தூசி, பிராசசர் மேல காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட். ரெண்டுமே சின்ன வேலை.

5) ஆமை மாதிரி ஓடுதா? ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா மத்ததை எல்லாம் விட்டுட்டு முதல்ல ஃபைல்களைக் காப்பி எடுங்க. அந்த இடத்துல 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டா மெஷின் புது உயிர் எடுக்கும். ரேம் வாங்கும்போது டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ பாருங்க, ஒண்ணு இன்னொண்ணுல உட்காராது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சது. பழைய மெஷின்ல 11 ஏறாது. லேசான ஒரு லினக்ஸ் போட்டா படிப்பு, தமிழ் டைப்பிங், விண்ணப்பம் நிரப்புறது எல்லாம் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: டச்பேட் மேல எழும்பி நின்னாலோ, அடிப்பக்கம் புடைச்சாலோ பேட்டரி வீங்கியிருக்கு. உடனே சார்ஜரைப் பிடுங்குங்க. குத்தாதீங்க, அமுக்காதீங்க, குப்பை வண்டியில போடாதீங்க. தீப்பிடிக்கும். இதைத் தெரிஞ்சவங்க கையில கொடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவும் நாமளே செய்யலாம்னா அரசுக்கு என்ன வேலை? இருக்கு. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கருவிகள் தருவதா அறிவிப்பு வந்தது. வரவேற்கிறோம். ஆனா வாரண்டி முடிஞ்ச மறுநாள் அந்தப் பிள்ளை யார்கிட்ட போவான்? உதிரி பாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்கணும். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கு, பாலிடெக்னிக் இருக்கு. அங்கேயே சர்வீஸ் மையம் வைங்க. படிக்கிற பசங்களுக்குக் கைத்தொழில் பயிற்சி, வீட்டுல கிடக்கிற மெஷினுக்கு உயிர்.

ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24-ல் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது. தகவல் சொல்ற இணையதளம் மட்டும் போதாது, சட்டம் வேணும். பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போதே, அதை எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும். உதிரி பாகம் கிடைக்காத கம்பெனிக்கு மார்க் குறையும். அந்த மார்க்கைப் பார்த்து வாங்கும் உரிமை பூதப்பாண்டிக்காரனுக்கு மட்டும் ஏன் இல்லை?

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கிட்டே இருக்கு. புது லேப்டாப் இன்னும் தூரமாப் போகுது. கூலி வேலைக்குப் போற வீட்டுக்கு பழைய மெஷின்தான் கணினி, அதுதான் நூலகம், அதுதான் வேலைக்கான விண்ணப்பப் படிவம்.

ஒவ்வொரு வார்டிலும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு தோழர் கண்டிப்பா இருப்பார். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. பக்கத்து வீட்டு லேப்டாப்பைத் திறந்து பாருங்க. எந்த மாடல், என்ன பழுது, எது சரியாச்சு, எந்தப் பாகம் கிடைக்கலைன்னு கமெண்டில் எழுதுங்க. அந்தப் பட்டியல்தான் நாளைக்கு நம்ம கோரிக்கை மனுவுக்கு ஆதாரம்.

பகிருங்கள் தோழர்களே!

#பழுதுபார்க்கும்_உரிமை #பூதப்பாண்டி