கோமாளி வேஷத்துல டிராகனைக் கொல்லணுமா?

போன சனிக்கிழமை ராத்திரி நண்பன் ஒருத்தனோட ரெண்டு மணி நேரம் வாய்ச்சண்டை. "ட்ரான்ஸ்மாக் வந்ததுல இருந்துதான்டா ஆன்லைன் ஆர்பிஜி எல்லாம் நாசமாப் போச்சு"ன்னு ஆரம்பிச்சான். அங்க சொல்ல விட்டுப்போனதை எல்லாம் இங்க கொட்டிடறேன். ஆணி கம்மியா இருக்கறவங்க மட்டும் தொடர்ந்து படிங்க மக்கா.

விளையாடாதவங்களுக்காக ஒரு வரி. இந்த ஆட்டங்கள்ல நீங்க போடற கவசத்துக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, பலம் கொடுக்கறது. இன்னொண்ணு, நீங்க எப்படித் தெரியறீங்கன்னு தீர்மானிக்கறது. பலத்தை ஒரு கவசத்துல இருந்தும், தோற்றத்தை இன்னொண்ணுல இருந்தும் எடுத்துக்கலாம்னு விடறதுதான் ட்ரான்ஸ்மாக். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல இது வந்தது 2011 நவம்பர்ல, 4.3 பேட்ச்ல. ஆட்டம் வெளியானது 2004-ல. ஆக ஏழு வருஷம் ஜனங்க கிடைச்சதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க.

அந்தக் கொடுமையை நானும் அனுபவிச்சேன். 2021-ல பர்னிங் குரூசேட் கிளாசிக் வந்தப்ப ஒரு பாலடின் வளர்த்தேன். அவுட்லேண்ட்ல ஒவ்வொரு குவெஸ்ட்டும் ஒவ்வொரு நிறத்துல கவசம் கொடுக்கும். ஆரஞ்சு கால்சட்டை, ஊதா தோள்பட்டை, பச்சை மார்புக்கவசம், தலையில சட்டி மாதிரி ஒண்ணு. கழட்டவும் முடியாது, பலம் போயிடும். உலகத்தைக் காப்பாத்த வந்த புனித வீரன், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மிச்சமான பெயிண்ட்டை எல்லாம் மேல ஊத்திக்கிட்ட மாதிரி நின்னான். கண்ணாடி இல்லாத ஊர்னு மனசைத் தேத்திக்கிட்டேன் :-)

இப்ப நண்பனோட முதல் வாதம். "கவசத்தைப் பார்த்தாலே இவன் என்ன சாதிச்சவன்னு தெரியணும். அதுதான் கௌரவம்."

நல்லா இருக்கு. ஆனா ஒரே கவச மாடலை நிறம் மட்டும் மாத்தி ஏகப்பட்ட பொருளுக்குப் போட்டது ஆட்டத்தை எழுதினவங்களேதானே? பொட்டி தட்டுறவனுக்கு இது புரியணும். பொருளோட பலம் டேட்டாபேஸ்ல ஒரு பக்கம், தோற்றத்துக்கான எண் இன்னொரு பக்கம். அவங்க ஆரம்பத்துல இருந்தே பிரிச்சுதான் வெச்சிருந்தாங்க. நாம பிரிக்கக் கேட்டா மட்டும் புனிதம் கெட்டுடுமா?

அதைவிட முக்கியமானது ஒண்ணு. 2005-ல 40 பேர் சேர்ந்து பிளாக்விங் லேர்ல வாரக்கணக்கா முட்டி மோதி ஜட்ஜ்மெண்ட் கவசத்தைச் சேர்த்தாங்க. 2007-ல அடுத்த விரிவாக்கம் வந்துச்சு. 70-ஆம் லெவல் வர்றதுக்குள்ள அந்தக் கவசம் பேங்க் பெட்டிக்குள்ள போயிடுச்சு. எங்க போச்சு கௌரவம்? ட்ரான்ஸ்மாக் வந்தப்புறம்தான் அதை வெளிய எடுத்துப் போட்டுக்கிட்டு ஊர்வலம் போக முடிஞ்சுது. கௌரவத்தைக் காப்பாத்தினதே இதுதான்யா.

ரெண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. எதிராளி என்ன போட்டிருக்கான்னு பார்த்துதான் எப்படி அடிக்கறதுன்னு முடிவெடுக்க முடியும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் இதுக்கு நல்ல உதாரணம். ஆளுக்கு ஆள் மோதும்போது நொடிக்கு நொடி கவசத்தை மாத்துவாங்க, அதைக் கண்ணால பார்த்தாகணும். அங்க தோற்றத்தை மறைச்சா ஆட்டமே கெட்டுடும். ஒத்துக்கறேன். ஆனா அதுக்கும் வழி இருக்கு. கில்ட் வார்ஸ் 2-ல எதிரிகளை எல்லாம் பொதுவான உடையில காட்டச் சொல்லி ஒரு ஆப்ஷன் வெச்சிருக்காங்க. அவன் ஆசைப்பட்டதை அவன் போட்டுக்கட்டும், எனக்கு வேண்டியது எனக்குத் தெரியட்டும். முடிஞ்சுது பஞ்சாயத்து.

மூணாவது விஷயத்தை நண்பன் பேசவே இல்லை. ஆம்பளை கேரக்டர் போட்டா கழுத்து வரைக்கும் இரும்பு, அதே கவசத்தைப் பொம்பளை கேரக்டர் போட்டா ரெண்டு துண்டு தகரம். எங்க டெஸ்டிங் டீம்ல ஒரு தோழி. பெயர் வேண்டாத ஒரு ஆட்டத்துல ஆறு மாசம் ஹீலரா இருந்தாங்க. லெவல் ஏற ஏறத் துணி குறைஞ்சுக்கிட்டே போச்சு, மாத்தவும் வழியில்லை. "நான் வைத்தியம் பண்ண வந்தேனா, நீச்சலடிக்க வந்தேனா?"ன்னு கேட்டுட்டு ஆட்டத்தையே அழிச்சுட்டாங்க. இப்ப ஃபைனல் ஃபேன்டஸி 14-ல கிளாமர் வசதியால மணிக்கட்டு வரைக்கும் அங்கி போட்ட வெள்ளை மந்திரவாதி. பலம் ஒரு துளி குறையலை. இது அலங்கார ஆசை மட்டும்தான்னு யாராச்சும் சொன்னா, அவங்க ஆறு மாச உழைப்புக்குப் பதில் சொல்லிட்டுப் பேசட்டும்.

சரி, என் கோபம் யார் மேல? ட்ரான்ஸ்மாக் மேல இல்லை, அதுக்குப் பக்கத்துல கல்லாப்பெட்டி வெச்சவங்க மேல. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்ல 2018-ல உடை மாத்தும் மேசை வந்துச்சு. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் ஆட்டத்துத் தங்கம், இல்லேன்னா டோக்கன் அழ வேண்டியிருந்துச்சு. கில்ட் வார்ஸ் 2-ல மாத்த மாத்த ஒரு சார்ஜ் கரையும். விளையாடியும் சம்பாதிக்கலாம், கடையிலயும் வாங்கலாம். டேட்டாபேஸ்ல ஒரு எண்ணை மாத்தறதுக்கு எதுக்குங்க சுங்கச்சாவடி? அழகான உடை கடையில விக்கணும்னா, ஆட்டத்துல கிடைக்கற உடை அசிங்கமா இருந்தாத்தான் லாபம். அந்த ஆசை உள்ள வந்துட்டா வடிவமைப்பாளன் கை எந்தப் பக்கம் சாயும்னு சொல்லத் தேவையில்லை.

2004-லயே சிட்டி ஆஃப் ஹீரோஸ் உடைக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லாம வெச்சுது. முதல் நிமிஷமே உங்க ஹீரோவை நீங்களே தைச்சுக்கலாம். ஆட்டத்தை 2012-ல மூடியும் ரசிகர்கள் விடலை. 2024-ல அதிகாரபூர்வ அனுமதியோட ரசிகர் சர்வர் ஓடுது. தான் உருவாக்கின முகத்தை யார்தான் சுலபமா விடுவாங்க?

ஆக என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பலத்தை நீங்க தீர்மானிங்க, தோற்றத்தை எங்ககிட்ட விடுங்க. மாத்தறதுக்குக் காசு கேக்காதீங்க.

நண்பா, இதை நீ படிப்பேன்னு தெரியும். போன வாரம் உன் வாரியர் போட்டிருந்த கறுப்புக் கவசம் ட்ரான்ஸ்மாக்தானே? :-)

டிஸ்கி: எதிர்க்கருத்து இருந்தா தாராளமா வந்து கும்முங்க. வரும்போது உங்க கேரக்டரோட உடையை மட்டும் கண்ணாடியில ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.