படித்ததைச் சொல்லாமல் விட்டோம்

ஜனவரி வந்தால் நம் கைகளில் புத்தகப் பைகள் கனக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியவற்றை மேசைமீது அடுக்கிப் படம் எடுக்கிறோம். பட்டியலை நண்பர்களுக்கு அனுப்புகிறோம். நல்ல தேர்வு என்று நாலு பேர் சொல்கிறார்கள். மாசி பிறப்பதற்குள் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. அந்த அடுக்கில் எதைப் படித்தோம், எது பிடித்தது, எது பாதியில் நின்றது, ஏன் நின்றது என்று ஆடியிலோ ஐப்பசியிலோ இன்னொரு வாசகரிடம் சொல்கிறவர்கள் நம்மில் மிகக் குறைவு. வாங்கியதை ஊருக்கே சொல்லும் நாம், படித்ததைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்வதில்லை.

இது யாரோ சிலருடைய குறை அல்ல. தமிழில் தொடர்ந்து வாசிக்கிற நம் எல்லோருடைய குறை. புத்தகம் விற்கவில்லை என்ற பேச்சு வந்தால் அரசைச் சொல்கிறோம், பதிப்பாளரைச் சொல்கிறோம், ஒரு காலத்தில் தொலைக்காட்சியைச் சொன்னோம், இப்போது கைபேசியைச் சொல்கிறோம். அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசாணையும் பணமும் தேவைப்படாத ஒரு வேலை நம் கையிலேயே இருந்தது. படித்த புத்தகத்தைப் பற்றி அடுத்தவரிடம் நாலு வார்த்தை சொல்லும் வேலை. அதை நாம் செய்யவில்லை.

செய்யாததால் நேர்ந்தது என்ன என்பதற்கு நாவலாசிரியர் ப. சிங்காரத்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளவயதிலேயே இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ அறுபதுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் அச்சேறியது. ஜப்பானியப் படை மெடான் நகரத் தெருவில் நுழைவதில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று விரியும் நாவல் அது. நடுக்கடலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும் பக்கங்களைப் படித்தவர்களுக்கு உடம்பில் அந்த ஆட்டம் நிற்க நேரமாகும். அப்படி ஒரு நாவல் வெளிவந்து நெடுங்காலம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதன்பின் சிங்காரம் வேறு நாவல் எழுதவில்லை.

வாசகர்கள் இல்லாமல் போனதால் இது நடக்கவில்லை. படித்தவர்கள் இருந்தார்கள், படித்ததைச் சொன்னவர்கள்தான் மிகச் சிலர். விமர்சகர் சி. மோகனைப் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். பழைய படிகள் கை மாறின. பிறகு மறுபதிப்புகள் வந்தன. 1997 டிசம்பரில் சிங்காரம் காலமானார். தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று இன்று நாம் எல்லோரும் தயங்காமல் சொல்கிறோம். எழுதிய மனிதர் மதுரையில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நாம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தபால் அட்டை போதுமாயிருந்தது. அதை எழுதாதவர்களின் பிள்ளைகள் நாம். நம் காலத்துச் சிங்காரங்களுக்கும் நாம் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

இந்த வழக்கம் நம்மிடம் என்றுமே இருந்ததில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. க.நா.சு. தாம் எழுதிய நாவல்களுக்காக எவ்வளவு உழைத்தாரோ, பிறர் எழுதியவற்றை நமக்குச் சொல்வதற்கும் அவ்வளவு உழைத்தார். 1957இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதுதான். நார்வேக்காரரான நட் ஹாம்சனை ‘நிலவளம்’ என்றும், ஸ்வீடனின் செல்மா லாகர்லெவை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்குவிஸ்டை ‘அன்பு வழி’ என்றும் தமிழில் கொண்டுவந்ததும் அதே ஆசையால்தான். தான் படித்து மகிழ்ந்ததைத் தன் ஊர்க்காரரும் படிக்க வேண்டும் என்ற ஆசை. சிறந்த நூல்கள் எவை என்று பட்டியல் போட்டுப் பகையைச் சம்பாதித்தபோதும் பட்டியல் போடுவதை அவர் நிறுத்தவில்லை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். யாழ்ப்பாணத்தில் 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தாமே எடுத்துச் சென்று வாசகர் கையில் கொடுத்தார்.

பெயர் தெரியாதவர்களும் இதைச் செய்தார்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்த தொகுப்புகள் பல வீடுகளில் இருந்தன. ஓரத்தில் பாதி விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொகுப்பு அத்தை வீட்டுக்குப் போகும், அங்கிருந்து எதிர்வீட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது கூடவே ஒரு அபிப்பிராயமும் வரும்: முடிவு சரியில்லை, அந்தப் பெண் அப்படிப் போயிருக்கக் கூடாது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் பலர் இப்படித்தான் வாசகரானார்கள். அந்த வீட்டுத் திண்ணைகளில் நடந்த இலக்கிய விமர்சனத்துக்கு ஈடாக நாம் இன்று எதை வைத்திருக்கிறோம்?

நாம் சொல்வதும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அட்டைப்படத்தைப் போட்டு “அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்” என்று எழுதுகிறோம். அனைவருக்குமான நூல் என்று ஒன்று கிடையாது. இது யாருக்கு ஏற்றது, எங்கே பொறுமை வேண்டும், எந்த இடத்தில் நம்மை இழுத்துக்கொள்ளும் என்று சொன்னால்தான் கேட்பவருக்குப் பயன். ‘புயலிலே ஒரு தோணி’யையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ஊர்ப்பெயர்களும் மலாய்ச் சொற்களும் குவிந்து வரும், அவற்றை விளங்கிக்கொள்ள நின்றுவிடாமல் மேலே போ, நாயகன் பாண்டியன் கடலில் பயணப்படும் இடம் வரை பொறுத்துக்கொள் என்று ஒருவர் சொல்லியிருந்தால், பாதியில் மூடிவைத்த எத்தனையோ பேர் முடித்திருப்பார்கள். பாதியில் மூடியவர்களும் அதை வெளியே சொல்வதில்லை. படித்ததாகக் காட்டிக்கொள்கிறோம். அதனால் உதவக்கூடியவருக்கும் வாய்ப்பு இல்லாமல் போகிறது.

இன்னொன்று, சொல்லும்போது பத்திரமான பெயர்களையே சொல்கிறோம். யார் கேட்டாலும் அதே பத்து, பதினைந்து நாவல்கள். அவை நல்லவைதான். ஆனால் 1966இல் கிருத்திகா எழுதிய ‘வாசவேச்வர’த்தை எத்தனை பட்டியல்களில் சேர்த்தோம்? ஈழத்திலும் மலேசியாவிலும் எழுதுகிறவர்களில் நமக்குத் தெரிந்த பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் நம் எழுத்தாளர்களைப் படிக்கிறார்கள். பதிலுக்கு நாம் படிப்பதில்லை, படித்தாலும் சொல்வதில்லை.

நூலகத்தையும் இப்படியே விட்டோம். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் வராவிட்டால் புத்தகம் போகட்டும் என்று நினைத்த ஊர் இது. இன்று நாம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், கட்டியதோடு சரி. கிளை நூலகத்தில் ஒரு நல்ல நூலை எடுத்துப் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். கடைசி முத்திரை பல ஆண்டுகளுக்கு முன் குத்தியதாக இருக்கும். அந்த நூலை முன்பே வேறெங்காவது படித்துப் பிடித்துப்போனவர்கள் அதே தெருவில் இருப்பார்கள். நூலகரிடம் இதை முன்னால் எடுத்து வையுங்கள் என்று அவர்கள் சொன்னதில்லை. பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. அதன் கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் பேசுகிறார், நாம் கைதட்டிவிட்டு எழுந்து வருகிறோம். இந்த மாதம் என்ன படித்தீர்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பதில்லை.

நேரமில்லை என்பது காரணமாகாது. நம்மைத் தடுப்பது கூச்சம். நமக்கென்ன தகுதி, விமர்சகர்கள் சொல்லட்டும் என்ற கூச்சம். நம் ரசனையை யாராவது குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற பயம். வாசகர் சொல்ல வேண்டியது விமர்சகர் சொல்வதல்ல. இந்தப் புத்தகம் எனக்கு என்ன செய்தது என்பதை மட்டும் சொன்னால் போதும். அதைச் சொல்ல, படித்து முடித்ததைத் தவிர வேறு தகுதி வேண்டியதில்லை.

நாம் திருந்தத் தொடங்குவதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். படித்து முடித்த புத்தகத்தை அலமாரியில் வைப்பதற்கு முன், பெயர் சொல்லி ஒருவரிடம் அதைப் பற்றிப் பேசுவோம். எல்லோருக்கும் என்று அல்ல. இந்த அக்காவுக்கு, இந்தத் தம்பிக்கு, ஓய்வு பெற்ற இந்த வாத்தியாருக்கு என்று. பிடிக்காத நூலையும் காரணத்தோடு சொல்வோம். உயிரோடு இருக்கிற எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதுவோம்.

இதை இந்தப் பக்கத்திலேயே தொடங்கிவிடலாம். இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964இல் வந்தது. பனைகள் சூழ்ந்த குமரிக் கிராமம் ஒன்றில், நொடித்துப்போன பெரிய வீட்டின் பெண் லிஸி. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோய் வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். அவள் மனம் நாடுவது பனையேறி ஒருவரின் மகனை. வீட்டுப் பெரியவரான கண்ணப்பச்சியை ஆசிரியர் எழுதியிருக்கும் விதத்துக்காகவே படிக்கலாம். குமரிப் பேச்சுவழக்கு முதல் சில பக்கங்களில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். சிறிய நாவல். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்து, கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்ட பெண்களுக்கு இதை முதலில் சொல்வேன். நீங்கள் என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்?