பேச்சு மேடைக்கு, கோப்பு பூட்டுக்கு

அமெரிக்காவில் ஜனாதிபதியின் பேச்சு, அறிக்கை, கடிதங்களை அரசே தொகுதி தொகுதியாக அச்சிடுகிறது. இங்கே பேச்சு அச்சேறும்; கோப்பு அலமாரியில பூட்டிக் கிடக்கும்.

முதல் தலித் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் 2000 ஜனவரியில், குடியரசின் பொன்விழாவில் கேட்டார்: அரசியல் சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா? இன்னைக்கும் மேடைக்கு மேடை சொல்றாங்க. ஆனால் உச்சநீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்பில் அவர் எழுதிய குறிப்பை எத்தனை பேர் பேசுகிறோம்? தலித், பழங்குடியினரில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவது நியாயமில்லை என்றார். 1999இல் அது பத்திரிகையில் கசிந்ததால்தான் நமக்கே தெரிந்தது.

உச்சநீதிமன்றத்திலிருந்து 2010இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். அடுத்த தலித் நீதிபதி பி.ஆர். கவாய் அங்கே நுழைய 2019 ஆயிற்று. ஒன்பது வருஷம் தகுதி எங்கே போச்சு?

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகளும் சட்டம் படிக்கிறாள். அவளுக்குத் தலைவர் படத்துக்கு மாலை போட்டுக் காட்டினால் போதுமா? யார் பெயரைப் பார்த்தார்கள், யாரை ஏன் கழித்தார்கள்? தோழர்களே, கோப்பைத் திறக்கச் சொல்லுவோம்!