பிரௌனிங்கோடு முடிந்துவிட்டதா?

துப்பாக்கிகளைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வாசகம் வெகுகாலமாக வழங்கிவருகிறது. துப்பாக்கியின் வடிவம் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங்கின் காலத்திலேயே பூர்த்தியாகிவிட்டதென்றும், அதற்குப் பின் தோன்றிய மடக்குத் துப்பாக்கி, குட்டைத் துப்பாக்கி, இரட்டைத் தோட்டாக்குழாய்த் துப்பாக்கி முதலியவையெல்லாம் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்கும் வித்தைகளே அன்றி வேறல்லவென்றும் கூறும் அந்த வாசகத்தை, புதிய படைப்புகளைப் பற்றிய மதிப்புரைகளில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் தாமே கண்டுபிடித்த உண்மையைப் போல எடுத்துவைக்கிறார். பல ஆண்டுகள் இதைப் படித்துச் சகித்திருந்தாயிற்று. இனியும் மௌனமாக இருப்பது நியாயமல்ல.

இந்த வாசகத்துக்கு இலக்காகிறவர் பெரும்பாலும் ஒருவரே. ஸ்வீடனில் பிறந்து, அங்கே ஹுஸ்க்வர்னா நிறுவனத்துக்காகத் துப்பாக்கிகள் வகுத்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1991-ல் ஃப்ளோரிடா மாநிலத்துக் கோக்கோ நகரில் கெல்-டெக் நிறுவனத்தை நிறுவிய ஜார்ஜ் கெல்கிரென்தான் அவர். அவருடைய சப்-2000 என்ற துப்பாக்கியில் விசைக் காப்பு வளையத்தைக் கீழே இழுத்தால், குழல் மேலெழுந்து பின்புறம் மடிந்து, முனையிலுள்ள குறிமுள் தோள்கட்டையிலுள்ள கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். முழுத் துப்பாக்கியும் ஏறக்குறைய 16 அங்குலத்தில் அடங்கிவிடும். இதைக் கண்டதும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடுவோருக்கு, அதன் உள்ளமைப்பை ஒருமுறையேனும் பிரித்துப் பார்க்கப் பொறுமையிருப்பதில்லை.

முதலில் பிரௌனிங்கின் பெயரால் சொல்லப்படும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். மற்ற ஆட்சேபணைகளெல்லாம் இதன் நிழலில்தான் நிற்கின்றன. அந்த மேதையைப் புதுமைக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவதைப் போன்ற அநீதி அவருக்கு வேறொன்றும் இருக்க முடியாது. அவர் சிருஷ்டித்த தானியங்கி வேட்டைத் துப்பாக்கியான ஆட்டோ-5, பின்புறம் சதுரமாக எழும்பி, பார்த்தவர் கண்ணுக்குக் கூன் விழுந்ததாகத் தோன்றியது. கூன்முதுகு என்ற பட்டப்பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அவர் கேட்ட உரிமைத்தொகைக்கு வின்செஸ்டர் நிறுவனம் இசையவில்லை. 1902 ஜனவரியில் ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைக் காண அவர் காத்திருந்த வேளையிலேயே ஹார்ட்லி மாரடைப்பால் காலமானார். மனம் தளராமல் பெல்ஜியத்துக்குக் கப்பலேறி, லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்டாலில் எஃப்.என். தொழிற்சாலையாரைக் கொண்டு அவர் செய்வித்த அந்தக் கூன்முதுகுத் துப்பாக்கி, கிட்டத்தட்ட அந்த நூற்றாண்டு முழுவதும் உற்பத்தியில் நின்றது. அதே எர்ஸ்டாலில், 1926 நவம்பரில், தமது 71-ஆம் வயதில், புதிய கைத்துப்பாக்கியொன்றின் வேலையில் ஈடுபட்டிருந்தபோது பட்டறை மேசையருகிலேயே அவர் உயிர் பிரிந்தது. தம் கலை பூர்த்தியாகிவிட்டதென்று எண்ணிய மனிதர் அந்த வயதில் கடல் கடந்து சென்று பட்டறையில் உட்கார்ந்திருப்பாரா?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கெல்கிரென் 1999-ல் வெளியிட்ட பி-32 என்ற சட்டைப்பைத் துப்பாக்கியைப் பிரௌனிங்கின் பக்தர்கள் ஏளனம் செய்தபோது, தாங்கள் ஏளனம் செய்வது யாருடைய தத்துவத்தை என்று அவர்கள் கவனிக்கவேயில்லை. அதில் இடப்படும் .32 தோட்டா பிரௌனிங் வகுத்தது. அந்தத் தோட்டாவுக்கென அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த சிறு துப்பாக்கிகள் பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை தோட்டா உறையைத் தடுத்து நிறுத்துவது, குழலின்மேல் முன்பின் நகரும் ஸ்லைடின் கனமும் சுருள்வில்லின் பலமுமே. ஆகவே ஸ்லைடு கனமாகத்தான் இருக்கவேண்டும். வில் விறைப்பாகத்தான் இருக்கவேண்டும். பலமில்லாத கைகள் அதைப் பின்னுக்கு இழுக்கத் திணறவேண்டும். சுட்டதும் அந்தக் கனம் முழுவதும் பின்னோக்கிப் பாய்ந்து உள்ளங்கையில் அறையவேண்டும். கெல்கிரென் செய்தது என்னவென்றால், பெரிய இராணுவக் கைத்துப்பாக்கிகளுக்கெனப் பிரௌனிங் வகுத்திருந்த பூட்டு முறையை, அதாவது வெடிக்கும் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றாகப் பிணைந்து சிறிது தூரம் சேர்ந்து பின்வாங்கி, அழுத்தம் தணிந்த பிறகே குழலின் பின்முனை கீழே சாய்ந்து பிணைப்பு விடுபடும் முறையை, உள்ளங்கையில் மறையும் அளவுக்குச் சுருக்கி அமைத்ததே. அழுத்தத்தைத் தாங்கும் வேலையைப் பூட்டு ஏற்றுக்கொண்டதனால் ஸ்லைடை இளைக்கச் செய்ய முடிந்தது; வில்லைத் தளர்த்த முடிந்தது. அதே தோட்டாவைச் சுடும் பழைய வால்தர் பிபிகே சுமார் 590 கிராம் எடையுள்ளது. பி-32-ன் எடை, தோட்டா நிரப்பாத நிலையில், 200 கிராமுக்கும் குறைவு. தோட்டாவும் பிரௌனிங்குடையது, பூட்டும் பிரௌனிங்குடையது. இரண்டையும் இந்தச் சிற்றுருவில் சேர்த்துவைத்த சாமர்த்தியம் கெல்கிரெனுடையது. இதை வித்தை என்று சொல்வோர் பிரௌனிங்கின் பெயரை அறிவார்களே தவிர, அவருடைய வேலையை அறிந்தவர்களாகத் தெரியவில்லை.

கெல்கிரெனுடையவை பிளாஸ்டிக் துப்பாக்கிகள் என்ற குறைக்குப் பதில் சொல்ல, பிளாஸ்டிக் உடல் கொண்ட க்ளாக் கைத்துப்பாக்கியின் பெயர் ஒன்றே போதும்.

கெல்கிரெனின் கே.எஸ்.ஜி. என்ற வேட்டைத் துப்பாக்கி தென்னாப்பிரிக்காவின் நியோஸ்டெட் துப்பாக்கியைப் பார்த்துச் செய்யப்பட்டதென்று சிலர் குற்றஞ்சாட்டுகிறார்கள். இரட்டைத் தோட்டாக்குழாய் இரண்டிலும் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் நியோஸ்டெட்டில் அவை குழலுக்கு மேலே, கே.எஸ்.ஜி.யில் கீழே. பார்த்துச் செய்வதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், கெல்-டெக் நிறுவனத்தின் பி-3ஏடி வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008-ல், அதை வெகுவாக ஒத்த எல்சிபி துப்பாக்கியைப் பெரிய நிறுவனமான ரூகர் வெளியிட்டபோது எங்கே போயிருந்தார்கள்? அப்போது அது வித்தையாகத் தோன்றவில்லை. காலத்துக்கேற்ற படைப்பாகத் தோன்றியது.

கெல்கிரென் சட்டத்தின் விளிம்பில் நின்று அளவெடுக்கிறார் என்பது இன்னொரு புகார். 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையலாகாது; கே.எஸ்.ஜி.யின் குழல் 18.5 அங்குலம், மொத்த நீளம் 26.1 அங்குலம். தனக்குரிய மனையில் ஓர் அங்குலமும் வீணாகாமல் வீடு கட்டிய கொத்தனாரை மனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை. அந்த 26 அங்குலத்துக்குள், குழாய்க்கு ஏழாகப் பதினான்கு தோட்டாக்களை அடக்கியிருப்பதைப் பற்றி மட்டும் புகார்க்காரர்கள் வாய் திறப்பதில்லை.

இறுதியாக, விசைக்குப் பின்னால் மேகஸினை வைக்கும் புல்பப் அமைப்பே தோற்றுப்போன தத்துவம் என்கிறார்கள். பிரான்ஸ் 2016-ல் ஃபமாஸ் என்ற புல்பப் துப்பாக்கியைக் கைவிட்டு ஜெர்மானிய எச்கே416-ஐத் தேர்ந்துகொண்டதையும், சீனா க்யூபிஇசட்-95-ஐ விட்டு மரபான வடிவத்துக்குத் திரும்பியதையும் சான்றாகக் காட்டுகிறார்கள். ஃபமாஸைச் செய்த சேந்த்-எத்தியேன் தொழிற்சாலை 2001-லேயே மூடப்பட்டுவிட்டதை ஏனோ சொல்வதில்லை. புல்பப்பின் மெய்யான இடர்ப்பாடு, காலி உறை வெளியேறும் துளை சுடுபவரின் கன்னத்துக்கு நேரே அமைந்துவிடுவதுதான். வலப்பக்கம் உறையை வீசும் துப்பாக்கியை இடத்தோளில் வைத்தால், சூடான பித்தளை நேரே முகத்துக்கு வரும். அவர்கள் காட்டும் இரண்டு துப்பாக்கிகளும் உறையை வலப்பக்கம் வீசுபவையே. ஃபமாஸில் இதை மாற்ற வேண்டுமானால் பாகங்களைக் கழற்றி மாற்றிப் பூட்டவேண்டும்.

கெல்கிரென் இந்தச் சிக்கலை இரண்டு முறை, இரண்டு வழிகளில் அணுகினார். ஆர்எஃப்பி துப்பாக்கியில் காலி உறை மேலே தூக்கப்பட்டுக் குழலுக்கு மேலுள்ள ஒரு குழாயில் நுழைகிறது. பின்னால் வரும் உறைகள் தள்ளத் தள்ள முன்னேறி, முனைப்பக்கமாக விழுகிறது. உறைகள் அந்தக் குழாயில் தங்கி நிற்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் வந்த ஆர்டிபி துப்பாக்கியில் போல்ட்டை இன்னும் நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்லவிட்டு, மேகஸினையும் கடந்த இடத்தில் உறையை நேரே கீழே விழச் செய்தார். வலத்தோளில் வைத்தாலும் இடத்தோளில் வைத்தாலும் அது தரையில்தான் விழும். புல்பப் தோற்றுவிட்டதென்று எழுதும் நண்பர்கள், அடுத்த மதிப்புரைக்கு முன் ஆர்டிபி-யை இடத்தோளில் ஏற்றி ஒரு மேகஸின் முழுவதும் சுட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும்.