சக்கர வீட்டுக்குக் கரண்ட்

ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் டிரெய்லர் ஆனாலும், வேனையே வீடாக மாற்றிக்கொண்ட கேரவன் ஆனாலும், அதற்குள் இரண்டு வகை மின்சாரம் உண்டு. லைட், சின்ன ஃபேன், தண்ணீர் பம்ப், போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், பேட்டரி சார்ஜர் ஆகியவை 230 வோல்ட் கேட்பவை. பயணத்தில் முதல் வகை போதும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் இரண்டாவது வகை வேண்டியிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் பேட்டரியை நிரப்ப வேண்டும், ஃபிரிட்ஜைக் குளிர்விக்க வேண்டும். விருந்தாளிகள் வந்தால் வண்டியே ஒரு கூடுதல் அறையாகவும் ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் கேரவனை நெடுநாளாகப் பார்த்திருப்பது சினிமா படப்பிடிப்புத் தளங்களில்தான். அங்கே அதற்கென்று ஜெனரேட்டர் வண்டி நிற்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பார். 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கையைக் கொண்டுவந்தது. பிறகு வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவை ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வண்டியை நிறுத்தி முறையாகப் பிளக் சொருக மின்கம்பம் வைத்த பூங்காக்கள் நம் பக்கம் இன்னும் பெருகவில்லை. வத்திராயிருப்பைத் தாண்டி மகாராஜபுரம் வந்து, சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்குப் போகிற சாலையில் அப்படி ஒரு வண்டி நின்றால், அதற்குக் கரண்ட் ஒரு வீட்டிலிருந்தோ தோப்பிலிருந்தோதான் வர வேண்டும்.

வீட்டில் இருக்கும் பிளக் பாயிண்ட் இரண்டு அளவு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் சின்னது 1,380 வாட் தாங்கும். பெரியது 3,680 வாட். ஒரு டன் ஏசி சுமார் 1,100 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். இரண்டும் சேர்ந்தாலும் 16 ஆம்பியர் பாயிண்டுக்குள் அடங்கும். அதோடு கெட்டிலையும் போட்டால் அடங்காது. டிவிக்குப் பின்னால் இருக்கும் 6 ஆம்பியர் பாயிண்டிலிருந்து ஜன்னல் வழியே ஒயர் இழுப்பது பேட்டரி சார்ஜ் செய்யும் அளவுக்கு மட்டுமே சரி. ஏசி ஓட்ட வேண்டுமென்றால் மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. (டிரிப்பர்) வைத்து, வண்டி நிற்கும் இடத்துக்கு அருகே வெளிச்சுவரில் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் எடுப்பதே முறை. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியானால் முதலில் அதன் மின் விவரத் தகட்டைப் படிக்க வேண்டும். பிரிட்டன், ஐரோப்பிய வண்டிகள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் ஊர்க் கரண்ட் பொருந்தும். அமெரிக்க வண்டி 120 வோல்ட். நேராகச் சொருகினால் உள்ளே இருப்பது கருகிவிடும்.

அடுத்தது ஒயர். பெட்டிக்கடையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதற்கு ஆகாது. பிரிட்டனில் கேரவனுக்கென்று வழக்கத்தில் இருப்பது 25 மீட்டர் நீளமுள்ள, 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு, மூன்று கோர் கேபிள். அந்த அளவு ஏன் என்பது கணக்குப் போட்டால் தெரியும். வண்டி 13 ஆம்பியர் இழுக்கும்போது அந்தக் கேபிளில் வீணாவது சுமார் ஐந்து வோல்ட். அதே நீளத்துக்கு 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டால் பதின்மூன்று வோல்ட் வரை போய்விடும்; ஒயரிலேயே 160 வாட்டுக்கு மேல் சூடாக மாறும். மாலையில் ஏற்கெனவே லோ வோல்டேஜ் இருக்கும் ஊரில் இந்தப் பதின்மூன்று வோல்ட் குறைந்தால் ஏசி கம்ப்ரஸர் கிளம்பாமல் முனகிக்கொண்டே கிடக்கும். கேபிள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், உருளையில் சுற்றியபடியே விட்டுவிட்டு லோடு போடக் கூடாது. உள்ளடுக்குகளின் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை இளகி ஒட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கும் நீளத்தையும் முழுவதும் அவிழ்த்துத் தரையில் தளர்வாகப் போட்டுவிட வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இனிதான் வருகிறது. வீடு தரையில் நிற்கிறது. இந்த வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. அதன் தகரமும் சேஸிஸும் மண்ணோடு சேர்வது கேபிளின் மூன்றாவது கம்பி வழியாக மட்டுமே. உள்ளே ஏதோ ஓரிடத்தில் ஃபேஸ் ஒயர் உரசி, தகரத்தைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் சரியில்லாவிட்டால் வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, பனியில் நனைந்த மண்ணில் வெறுங்காலை வைத்து இறங்குவாரே, அந்தக் கணத்தில்தான் கரண்ட் அவர் வழியாக இறங்கும். ஏறும்போதும் அப்படித்தான்.

‘டிரிப்பர் இருக்கிறதே, விழுந்துவிடாதா?’ என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. விழாது. வீட்டு எர்த்தின் தடை 50 ஓம் என்று கொண்டால், மேலே சொன்ன பழுதில் மண்ணுக்குள் ஓடுவது ஐந்து ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் கல்லும் சரளையும் கலந்த தரையில், சித்திரை வெயிலுக்குப் பிறகு, தண்ணீர் ஊற்றாத எர்த் குழிக்கு 50 ஓம் என்பது பெரிய அளவும் அல்ல. இந்த இடத்தில் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற கருவி. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். இதற்கு எர்த் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் போதும். தமிழ்நாட்டில் மின் இணைப்புகளுக்கு இது கட்டாயம் என்று விதியே இருக்கிறது. இருந்தும் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் வண்டிக்கு எடுக்கும் லைனுக்காவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஒயர்மேன்கள் சிலரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எர்த் கம்பி வராத பழைய பாயிண்டில், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் பின்னில் முறுக்கிவிடுவார்கள். டெஸ்டர் வைத்தாலும் மல்டி மீட்டர் வைத்தாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த முறுக்கு வழியாகவே வண்டியின் உடம்புக்கு ஃபேஸ் வந்து சேரும். ஆர்.சி.சி.பி. போட்டவுடன் லோடு வைக்கும்போதெல்லாம் அது விழுந்தால், அதற்குப் பின்னால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ‘இது சும்மா சும்மா விழுகிறது’ என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி வீசுவது, நோயைச் சொன்ன வைத்தியரைத் துரத்துவது போன்றது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் டெஸ்டர் கொண்டு குழியின் தடையை அளந்து பார்ப்பதுதான் வழி. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். ஆனால் அது கருவி வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும். எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

வண்டிப் பக்கம் நீல நிறத்தில் உருண்டையான மூன்று பின் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் இருப்பது நல்லது. மில்கள் நிறைந்த ராஜபாளையத்தில் இந்த வகைப் பிளக் எலெக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமானது. வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்களும், கேபிள் முனையில் துளைகளும் இருக்கும்படி அமைக்க வேண்டும். அப்போதுதான் கழற்றிய கேபிளில் கை பட்டாலும் ஷாக் இல்லை. இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர் யார் கையில் இருந்தாலும் பிடுங்கி எறியத் தக்கது. சுவர் ஸ்விட்சை அணைத்து, முதலில் வண்டியில் சொருகி, பிறகு சுவரில் சொருகி, கடைசியாக ஸ்விட்ச் போட வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்பு முனை தரையில் கிடக்கக் கூடாது. வண்டிக்குள் இன்வெர்ட்டர் இருந்தால், வீட்டுக் கரண்டும் அதுவும் ஒருபோதும் சந்திக்காதபடி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரின் மின்சாரம் பின்பக்கமாகத் தெரு லைனில் ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனைத் தாக்கும்.

கடைசியாக, தோப்பு. மகாராஜபுரம் பக்கம் தென்னை, மாந்தோப்புகளில் வண்டியை நிழலில் விட்டுவிட்டு, மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுக்கத் தோன்றும். அங்கே வருவது மோட்டாருக்கான மூன்று ஃபேஸ் லைன். ஒரு ஃபேஸை எடுத்துக்கொண்டு, நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியில் திருப்பி, பல்பு எரிய வைப்பவர்கள் உண்டு. அதே முறையில் வண்டியை இணைத்தால் அந்த எர்த் கம்பியிலும் அதைத் தொட்ட எல்லா இரும்பிலும் கரண்ட் நிற்கும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே இணைத்துவிட்டால் 415 வோல்ட். ஆபத்து ஒரு பக்கம் இருக்க, இது சட்டப்படியும் தவறு. விவசாயத்துக்கென்று கட்டணமின்றித் தரப்படும் மின்சாரத்தை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டிவரும். வீட்டு இணைப்பில் சொந்த வண்டியை இணைத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. அந்த வண்டியை வாடகைக்கு விட்டுக் காசு வாங்கினால் வணிக இணைப்பு எடுக்க வேண்டும்.

தோப்பில் ஓரிரவு தங்க இத்தனை பாடே வேண்டியதில்லை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில் 1,200 வாட்-ஹவர் இருக்கிறது. பாதியைத் தொடாமல் விட்டாலும் 600. பன்னிரண்டு வோல்ட் ஃபேன் ஒன்று, இரண்டு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து பத்து மணி நேரத்துக்கு 400ஐத் தாண்டாது. ஏசியை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டு, தோப்புக்குப் பேட்டரியோடு போங்கள்.